ஸ்னைப்பர் 150: அஞ்சாவது கியரில் கிளட்ச் வழுக்குது, அடுத்து எந்த ஆயில் ஊத்தலாம்?

துவாஸ்_ஷிப்ட்:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. வண்டி யமஹா ஸ்னைப்பர் 150, மீட்டரில் 28,400. வாரநாளில் சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து துவாஸ் வேலைக்கு, வெள்ளி சனி ராத்திரியில் சாப்பாட்டு டெலிவரி. கடைசி ரெண்டு தடவையும் வொர்க்‌ஷாப்பில் டிரம்மிலிருந்து பம்ப் அடிச்சு ஊத்தின ஆயில்தான். பில்லில் "என்ஜின் ஆயில்"னு மட்டும் இருக்கு. மாத்தி 2,100 கிலோமீட்டர் ஆச்சு.

ஒரு வாரமா அஞ்சாவது கியரில் மேம்பாலம் ஏறும்போது த்ராட்டில் திருகினா ஆர்பிஎம் ஏறுது, வேகம் ஏறமாட்டேங்குது. ஒண்ணு ரெண்டு கியரில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆயில்தான் காரணமா? 10டபிள்யூ-40 போடணுமா, நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 நல்லதா? எம்ஏ, எம்ஏ2ன்னு எழுதியிருக்கே, அது என்ன? வீட்டில் காருக்கு வாங்கின 5டபிள்யூ-30 முழு சிந்தெடிக் ஒரு லிட்டருக்கு மேல மிச்சம் இருக்கு, விலை கூடின ஆயில், அதை ஊத்தலாமா?

---

நட்டுபோல்ட்டு:

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: வேண்டாம் தம்பி. அந்தக் கார் ஆயிலைக் காருக்கே வெச்சுக்குங்க. ஏன்னு கீழே சொல்றேன்.

ஆயிலைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி கிளட்ச் லீவரைப் பாருங்க. வண்டி குளிர்ந்திருக்கணும், ஹேண்டில் நேரா இருக்கணும். லீவர் நுனியில ஒரு ஸ்கேலை வெச்சு, ஒரு விரலால மெதுவா இழுங்க. சும்மா ஆடுற ஆட்டம் முடிஞ்சு கேபிள் இழுபட ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் எத்தனை மி.மீ. வருதுன்னு பாருங்க. 10 முதல் 15 மி.மீ. வரணும். ரெண்டு மூணு மி.மீ.தான் வருதுன்னா, நீங்க லீவரை விட்ட பிறகும் கேபிள் கிளட்ச்சைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். பிளேட்டுகள் முழு அழுத்தத்தில் ஒட்டாது. பிளேட் தேயத் தேய இந்த ஆட்டம் தானாகவே குறையும், அதனால 28,000இல் இது வர்றது அதிசயம் இல்லை.

லீவர்கிட்ட இருக்கிற அட்ஜஸ்டரில் சரி பண்ணுங்க. அதில் இடம் தீர்ந்துபோச்சுன்னா, அதை உள்ளே திருப்பி விட்டுட்டு, கீழே என்ஜின் பக்கம் இருக்கிற நட்டில் சரி பண்ணணும். சரி பண்ணின பிறகு ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி, ரெண்டு பக்கமும் ஆட்டம் மாறாம இருக்கான்னு பாருங்க. மாறினா கேபிள் எங்கேயோ சிக்கியிருக்கு.

கேபிள் சரியா இருந்தும் வழுக்கினா அப்போ ஆயில், பிளேட், ஸ்பிரிங். மேல் கியரில் மட்டும் தெரியுதுன்னு சொன்னீங்களே, அது கிளட்ச் வழுக்கலோட அடையாளமேதான். மேல் கியரில் அதே த்ராட்டிலுக்கு கிளட்ச் தாங்க வேண்டிய இழுப்பு குறையாது, வண்டியோ சட்டுனு வேகம் எடுக்காது. அந்தச் சுமை நீண்ட நேரம் கிளட்ச்மேலேயே நிக்கும். கீழ் கியரில் வண்டி உடனே ஓடிடுறதால வழுக்கல் கண்ணுக்குத் தெரியாம போயிடும்.

இனி ஆயில். ஸ்னைப்பரில் ஒரே ஆயில் மூணு வேலை பார்க்குது: பிஸ்டன், வால்வுக்கு மசகு, கியர்பாக்ஸுக்கு மசகு, கிளட்ச் பிளேட்டுகள் அதுக்குள்ளேயே முங்கிக் கிடக்குது. காரில் கிளட்ச் வெளியே உலர்ந்து இருக்கும், கியர்பாக்ஸுக்கு வேற ஆயில். அதனால கார் ஆயில் செய்றவங்க உராய்வைக் குறைக்கிற சரக்கைத் தாராளமா சேர்க்கலாம், பெட்ரோல் மிச்சம். அதே சரக்கு உங்க கிளட்ச் பிளேட்டில் ஏறினா உராய்வு அங்கேயும் குறையும். அங்கே உராய்வுதான் உங்களுக்கு வேணும்.

இதுக்காகத்தான் ஜப்பான்காரங்க ஜாசோ டி903ன்னு தனித் தரம் வெச்சாங்க, 1990களோட கடைசியில. எம்ஏ ஈரக் கிளட்ச்சுக்கு, எம்பி உராய்வு குறைஞ்சது, ஸ்கூட்டருக்கு. 2006இல் எம்ஏவை எம்ஏ1, எம்ஏ2ன்னு பிரிச்சாங்க. சோதனையில் மூணு அளவு எடுப்பாங்க: ஓடும்போது உராய்வு, நிக்கும்போது உராய்வு, நிக்க எடுத்துக்கிற நேரம். மூணும் மேல் பாதியில் விழுந்தா எம்ஏ2, மூணும் கீழ் பாதியில் விழுந்தா எம்ஏ1, கலந்து விழுந்தா வெறும் எம்ஏ. யமஹா கையேடு கேக்கிறது எம்ஏதான். எம்ஏ2 போட்டா கிளட்ச் இன்னும் கெட்டியாப் பிடிக்கும். ஏற்கெனவே வழுக்குற வண்டிக்கு நான் எம்ஏ2தான் சொல்வேன்.

பாட்டிலின் பின்பக்கம் ஜாசோன்னு சும்மா ஒரு வரியில் எழுதியிருக்கிறது வேற, கட்டம் போட்டு மேலே ஒரு பதிவு எண்ணும் கீழே எம்ஏ2ன்னும் அச்சடிச்சிருக்கிறது வேற. ரெண்டாவது பதிவு பண்ணின ஆயில். "எம்ஏ2வை மிஞ்சும்", "எம்ஏ2க்கு ஏற்றது"ன்னு மட்டும் இருந்தா அது விற்கிறவர் வாக்கு, அவ்வளவுதான்.

---

பழைய_பேண்டம்:

10டபிள்யூ-40, 20டபிள்யூ-50 பத்தி நான் சொல்றேன்.

டபிள்யூவுக்கு முன்னால இருக்கிற எண் குளிருக்கு. 10டபிள்யூன்னா கழித்தல் 25 டிகிரியிலும் என்ஜின் சுத்தக்கூடிய அளவுக்கு ஆயில் இளகியிருக்கணும்னு எஸ்ஏஇங்கிற பொறியாளர் சங்கத்தோட விதி. 20டபிள்யூன்னா கழித்தல் 15. நம்ம ஊர்ல 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே செய்தி. அதனால குளிரில் ஸ்டார்ட் ஆகுமாங்கிற கவலை ரெண்டுக்கும் இங்கே கிடையாது. ஆனா அதை வெச்சு முன் எண் வேஸ்ட்டுன்னு முடிவு கட்டிடாதீங்க. காலையில கார்நிறுத்துமிடத்தில் வண்டி 27 டிகிரியில் நிக்குது. அந்த நிலையில் சாதாரண 20டபிள்யூ-50, 10டபிள்யூ-40ஐவிட நல்லாவே கெட்டியா இருக்கும். ஸ்டார்ட் பண்ணின முதல் சில விநாடியில வால்வு பக்கம் ஆயில் ஏறுற வேகம் அதுல குறையும். காலையில கிளட்ச் பிடிச்சு முதல் கியர் போட்டா வண்டி முன்னே நகரப் பார்க்கும், நியூட்ரல் கிடைக்க மல்லுக்கட்டணும். கிளட்ச் வழுக்கலுக்கு நேர் எதிர் வியாதி அது.

பின் எண் சூட்டுக்கு. 100 டிகிரியில 40னா 12.5க்கு மேல 16.3க்குக் கீழ செண்டிஸ்டோக் (ஆயிலோட கெட்டித்தன்மையை அளக்கிற அலகு), 50னா 16.3க்கு மேல 21.9க்குக் கீழ. 150 டிகிரியில் பேரிங் நடுவுல நசுங்கும்போது எவ்வளவு தாங்குதுன்னு இன்னொரு சோதனை இருக்கு. 10டபிள்யூ-40க்கு அது குறைஞ்சது 3.5, 20டபிள்யூ-50க்கு 3.7, எந்த 30க்கும் 2.9 போதும். தம்பியோட கார் 5டபிள்யூ-30 இந்த வரிசையில எங்கே நிக்குதுன்னு பார்த்துக்குங்க.

ஸ்னைப்பர் தண்ணீர்க் குளிரூட்டல் வண்டி. ரேடியேட்டரும் ஃபேனும் ஒழுங்கா ஓடுற வரைக்கும் ஆயில் சூடு ஒரு கட்டுக்குள்ள இருக்கும். கையேட்டில் இருக்கிற 10டபிள்யூ-40ஏ போதும். காத்துல குளிர்ற வண்டி, ஹோண்டா பேண்டம் டிஏ200 மாதிரி, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து போகும்போது காத்தும் கிடையாது, சூடும் ஏறிக்கிட்டே போகும். அங்கே கையேடு அனுமதிச்சா 15டபிள்யூ-50, 20டபிள்யூ-50க்கு ஒரு நியாயம் இருக்கு. பஜாஜ் பல்சர் மாதிரி வண்டிகளுக்கு ஆரம்பத்திலேயே 20டபிள்யூ-50 சொன்னாங்கன்னா, அந்த என்ஜினை அதுக்குத் தக்கபடி கட்டியிருக்காங்க. நண்பன் வண்டியில நல்லா ஓடுதுன்னு உங்க வண்டிக்கு ஊத்தாதீங்க.

---

கப்சாய்_மன்னன்:

இவ்வளவு ஆராய்ச்சி வேணுமா ப்ரோ. எந்த ஆயிலா இருந்தாலும் 2,000க்கு ஒரு தடவை மாத்திக்கிட்டே இருந்தா வண்டி ஓடும். கப்சாய்ல, அதான் கிளட்ச் லீவர் இல்லாத சின்ன வண்டியில, எல்லாரும் அப்படித்தான்.

---

நட்டுபோல்ட்டு:

பாதி ஒத்துக்கிறேன் மன்னா. சீக்கிரம் மாத்துறது நல்ல பழக்கம். "எந்த ஆயிலா இருந்தாலும்"ங்கிறதுதான் இடிக்குது. கப்சாய்க்கும் உள்ளே ஈரக் கிளட்ச்தான், லீவர் இல்லைங்கிறதால கண்ணுக்குத் தெரியலை. வேவ் மாதிரி வண்டியில மையவிலக்கு கிளட்ச் ஒண்ணு, பிளேட் கிளட்ச் ஒண்ணு, ரெண்டும் ஆயில்லதான் முங்கியிருக்கு. எம்பி ஆயில் ஊத்தி 2,000 வரைக்கும் காத்திருந்தா, அந்த 2,000க்குள்ளேயே பிளேட் பளபளன்னு கண்ணாடி ஆயிடலாம். அப்புறம் நல்ல ஆயில் ஊத்தினாலும் பிடிக்காது.

---

துவாஸ்_ஷிப்ட்:

ரொம்ப நன்றி அண்ணே. வேலை முடிஞ்சு வந்து ஸ்கேல் வெச்சுப் பாக்குறேன். இன்னும் ரெண்டு சந்தேகம். கடையில ஒரு செமி சிந்தெடிக் 14 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முழு சிந்தெடிக் 28 வெள்ளி, ரெண்டும் 10டபிள்யூ-40 எம்ஏ2. இரட்டிப்பு விலைக்கு இரட்டிப்பு தூரம் ஓட்டலாமா? அப்புறம் எங்க அக்காகிட்ட யமஹா என்மேக்ஸ் 155 ஸ்கூட்டர் இருக்கு. ஒரே ஆயிலை வாங்கி ரெண்டு வண்டிக்கும் ஊத்திக்கலாமா?

---

அடிமண்டி:

முழு சிந்தெடிக்னா ஒரே பொருள்னு நினைக்காதீங்க. அடிப்படை எண்ணெயை ஏபிஐங்கிற அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் அஞ்சு வகையாப் பிரிக்குது. நாலாவது பிஏஓ, அஞ்சாவதில் எஸ்டர் முதலானவை, இதெல்லாம் ரசாயனக்கூடத்தில் கட்டிச் செய்றது. மூணாவது வகை கச்சா எண்ணெயிலிருந்தே வர்றது, ஹைட்ரஜன் கொண்டு கடுமையா சுத்திகரிச்சது. மூணாவதையும் சிந்தெடிக்னு விளம்பரம் பண்ணலாமான்னு அமெரிக்காவில் மொபிலுக்கும் காஸ்ட்ரலுக்கும் ஒரு தகராறு. 1999இல் அங்குள்ள விளம்பரத் துறையோட சுயக்கட்டுப்பாட்டு அமைப்பு காஸ்ட்ரல் பக்கம் முடிவு சொல்லிடுச்சு. அன்னையிலிருந்து பாட்டில்மேல இருக்கிற "100% சிந்தெடிக்" பெரும்பாலும் மூணாவது வகைதான். அது மட்டமான ஆயில்னு சொல்லலை. நல்ல ஆயில்தான். 28 வெள்ளிக்கு எஸ்டர் கிடைச்சுடுச்சுன்னு மட்டும் கற்பனை பண்ணிக்காதீங்க. செமி சிந்தெடிக்கில் சிந்தெடிக் எத்தனை சதவீதம் இருக்கணும்னு கட்டாய விதியே கிடையாது.

இரட்டிப்பு தூரம்? உங்க வண்டியில ஆயிலைக் கொல்றது கியர்பாக்ஸ். 10டபிள்யூ-40ஐ 40ஆக நிறுத்தி வைக்கிறது அதுக்குள்ள கலந்திருக்கிற நீளமான பாலிமர் சங்கிலிகள். கியர் பற்கள் அதைக் கத்தரிக்கோல் மாதிரி வெட்டிக்கிட்டே இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் 40ஆ இருந்தது 30க்கு நழுவிடும். இதை அளக்கக் கருவி வேண்டியதில்லை. புது ஆயிலில் வெண்ணெய் மாதிரி விழுந்த கியர், கட்டக் கட்டன்னு விழ ஆரம்பிக்கும், நியூட்ரல் தேடணும். சிந்தெடிக்கில் முன் எண்ணுக்கும் பின் எண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அடிப்படை எண்ணெயே ஓரளவு தாங்குறதால பாலிமர் குறைவாப் போதும். வெட்டுப்படவும் குறைவாத்தான் இருக்கும். அதுவும் சிந்தெடிக்குக்கு சிந்தெடிக் மாறும்.

ரெண்டாவது எதிரி டெலிவரி. ஸ்டார்ட் பண்ணி ரெண்டு கிலோமீட்டர், நிறுத்தி புளோக்ல லிஃப்ட் ஏறி இறங்கி, மறுபடி ரெண்டு கிலோமீட்டர். ஆயில் முழுச் சூட்டுக்கு வரவே வராது. எரிஞ்ச பெட்ரோலிலிருந்து வர்ற தண்ணீரும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிடும். இந்த ஊர் ஈரப்பதம் வேற. ஃபில்லர் மூடியைக் கழற்றினா உள்பக்கம் பால்கோவா நிறத்தில ஒரு படலம் தெரியும். கொஞ்சம் இருந்தா பயப்படாதீங்க, துவாஸ் வரைக்கும் ஒரு நீளமான ஓட்டம் ஓட்டினா போயிடும். டிப்ஸ்டிக்கில் இருக்கிற ஆயிலே பால் மாதிரி இருந்தா கூலன்ட் கலக்குது, அது வேற வைத்தியம்.

என் கணக்கு: உங்க ஓட்டத்துக்கு செமின்னா 2,500 முதல் 3,000, முழு சிந்தெடிக்னா 4,000. கையேட்டில் இதைவிடக் குறைவா இருந்தா கையேடுதான். 28க்கு இரட்டிப்பா 5,000, 6,000 ஓடாது. கணக்குப் போட்டா 14 வெள்ளி ஆயிலை ஒழுங்கா மாத்துறவர்தான் கையில் காசோட இருப்பார்.

ஏபிஐ எழுத்தைப் பத்தியும் ஒண்ணு. எஸ்ஜே, எஸ்எல், எஸ்எம், எஸ்என், 2020இல் எஸ்பி, 2025இல் எஸ்க்யூ. பின்னால வர்ற எழுத்து உசத்தின்னு கடைக்காரர் சொல்வார், கார்ல அது சரி. பைக்குக்கு யமஹா கேக்கிறது எஸ்ஜி, அல்லது அதுக்கு மேல, கூடவே ஜாசோ எம்ஏ. ஜாசோ இல்லாத எஸ்பியைவிட ஜாசோ இருக்கிற எஸ்எல் உங்களுக்கு மேல். புது எழுத்துகளில் 30ம் அதுக்குக் கீழும் இருக்கிற ஆயில்களுக்குப் பாஸ்பரஸ் 800 பிபிஎம் தாண்டக்கூடாது, காரோட புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்காக வெச்ச வரம்பு. ஜாசோவோ குறைஞ்சது 800 இருக்கணும்னு கேக்குது, கியரும் கேமும் தேயாம இருக்க. அங்கேயே கார் 5டபிள்யூ-30 பெரும்பாலும் விழுந்துடுது. ஏபிஐ வட்டத்தோட கீழ் வளைவில் "ரிசோர்ஸ் கன்சர்விங்" இல்லேன்னா "எனர்ஜி கன்சர்விங்"னு இருந்தா, பாட்டிலைத் திரும்ப ரேக்கில் வெச்சிடுங்க.

---

மஞ்சள்_ஹெல்மெட்:

என்மேக்ஸுக்கு நான் பதில் சொல்றேன். சிவிடி வண்டி, அதாவது பெல்ட்டில் தானா கியர் மாறுற வண்டி, கிளட்ச் பெல்ட் பெட்டிக்குள்ள உலர்ந்து இருக்கு, ஆயில் படாது. அதனால எம்பி போடலாம். உராய்வு குறைவு, பெட்ரோல் கொஞ்சம் மிச்சமாகும். எம்ஏ2 ஊத்தினா கெடுதல் ஒண்ணும் இல்லை. ஆக ஒரே ஆயில்தான் வாங்கணும்னா எம்ஏ2 வாங்கி ரெண்டுக்கும் ஊத்துங்க. தலைகீழா பண்ணாதீங்க, அக்கா வண்டிக்கு வாங்கின எம்பி உங்க ஸ்னைப்பருக்குப் போகக்கூடாது. பாட்டில் படத்தில ஸ்கூட்டர் இருந்தா ரெண்டு தடவை படிங்க.

அளவையும் பாருங்க. இந்தப் பக்கத்தில 800 மில்லி பாட்டில் நிறைய விக்கிறாங்க, அது ஸ்கூட்டருக்கும் கப்சாய்க்கும் அளந்து அடைச்சது. அமெரிக்க பிராண்டு சிலது 946 மில்லி, அவங்க ஊர் குவார்ட் கணக்கு. என்மேக்ஸுக்கு 0.9 லிட்டர் வேணும். 800ஐ வாங்கிட்டு "ஒரு பாட்டில் ஊத்தியாச்சு"ன்னு மூடினா 100 மில்லி குறையுது.

அக்காகிட்ட இன்னொண்ணும் கேளுங்க: பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கியர் ஆயில் எப்போ மாத்தினாங்க? 0.15 லிட்டர்தான், ஆனா தனி போல்ட், தனி ஆயில். என்ஜின் ஆயில் மாத்தச் சொன்னா இதையும் சேர்த்து மாத்துவாங்கன்னு பல பேர் நம்பிக்கிட்டிருக்காங்க. பில்லில் தனி வரியா இருந்தாத்தான் மாத்தியிருக்காங்க.

---

நட்டுபோல்ட்டு:

ஸ்னைப்பர் அளவையும் எழுதிடுறேன். ஃபில்டர் மாத்தாம 0.95 லிட்டர், ஃபில்டரோட 1.00 லிட்டர். என்ஜினைப் பிரிச்சு உலர்ந்து கிடந்தாத்தான் 1.15. சில இடத்தில 1.15ஐப் பார்த்துட்டு அதையே ஊத்திடுறாங்க. கூடிப்போனா கிராங்க் ஆயிலை அடிச்சு நுரையாக்கும், ப்ரீதர் வழியா ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ள ஆயில் ஏறும், வண்டி கனமா இழுக்கும். ஏர் பெட்டிக்கு அடியில தொங்குற சின்ன ரப்பர் குழாயில ஆயில் தேங்கியிருந்தா கூடுதலா ஊத்தியிருக்காங்கன்னு சந்தேகப்படலாம்.

நீங்களே மாத்தினாலும், பக்கத்தில நின்னு பார்த்தாலும், கவனிக்க வேண்டியது இதுதான். என்ஜினை மூணு நாலு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்க. வெதுவெதுப்பா இருந்தா அழுக்கோட சேர்ந்து வடியும், கொதிக்க விட்டா கைதான் வேகும். வண்டி நேரா நிக்கணும். சைடு ஸ்டாண்டில் சாய்ஞ்சபடி வடிச்சா கொஞ்சம் பழசு உள்ளேயே தங்கும். ஃபில்லர் மூடியை முதல்ல கழற்றுங்க, அப்புறம் ட்ரெயின் போல்ட். மூடி திறக்க வரலேன்னா, வடிச்ச பிறகு அதைக் கண்டுபிடிச்சு என்ன பயன்.

போல்ட் கைக்கு வந்ததும் துணியில துடைக்காம வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்க. விரலில் தேய்ச்சா மை மாதிரி சாம்பல் பசை, அது பரவாயில்லை. ஊசி மாதிரி, செதில் மாதிரி உலோகம் மின்னினா கியரோ பேரிங்கோ உடையுது. உங்க விஷயத்தில் இன்னொண்ணு: வடியுற ஆயில் கருகின வாடை அடிக்குதான்னு மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை வேற, கருகின வாடை வேற. கருகின வாடைன்னா கிளட்ச் பிளேட் எரிஞ்சு அதுல கலந்திருக்கு. நிறம் கறுத்ததை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, அழுக்கைத் தாங்கிப் பிடிச்சா ஆயில் கறுக்கத்தான் செய்யும்.

ஃபில்டரைக் கழற்றும்போது எந்தப் பக்கம் உள்ளே போயிருந்ததுன்னு போனில ஒரு படம் எடுத்து வெச்சுக்குங்க. திருப்பிப் போட்டா ஆயில் ஓட்டம் கெடும். மூடியோட ஓ-ரிங்கைப் புதுசா மாத்துங்க, மாட்டுறதுக்கு முன்னாடி புது ஆயிலைத் தடவுங்க. ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், காசுக்கு ஒண்ணுமே இல்லாத பொருள். பழசை மறுபடி போட்டுட்டு, கசியுதேன்னு போல்ட்டை இன்னும் முறுக்கி, கடைசியில அலுமினிய மரையைப் பிடுங்கி எடுத்தவங்க கதைதான் நிறைய. டார்க் ரெஞ்ச் இருந்தா சுமார் 20 நியூட்டன் மீட்டர். இல்லேன்னா குட்டை ஸ்பேனர், மணிக்கட்டு பலம் மட்டும், தோள் பலம் வேண்டாம்.

0.9 ஊத்தி நிறுத்துங்க. ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி, இன்னும் ரெண்டு மூணு நிமிஷம் காத்திருந்து, வண்டியை நிமிர்த்தி டிப்ஸ்டிக் பாருங்க. துடைச்சுட்டு உள்ளே விடும்போது திருகக் கூடாது, சும்மா உட்கார வெச்சு எடுக்கணும். திருகிப் பார்த்தா மட்டம் உண்மையைவிட உயரமாக் காட்டும், நீங்க குறைச்சு ஊத்திடுவீங்க. ரெண்டு கோட்டுக்கு நடுவில, மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்தா போதும்.

வேற எதையும் கலக்காதீங்க. உராய்வைக் குறைக்கும்னு சின்ன பாட்டிலில் மாலிப்டினம் சரக்கு விக்கிறாங்க. ஈரக் கிளட்ச் வண்டிக்கு அது விஷம்.

---

பழைய_பேண்டம்:

எங்கே மாத்துறதுங்கிறதையும் சொல்லணும். வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடமைப்புக் கழகம்) கார்நிறுத்துமிடத்தில் வண்டி பழுதுபார்க்கக் கூடாது, ஆயில் மாத்துறதும் அதில்தான் சேரும். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊத்துறது சட்டப்படி குற்றம். இங்கே மழைநீர்க் கால்வாய் பலதும் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகுது, அதை நாமதான் குடிக்கிறோம். குப்பைக் குழாயிலும் போடாதீங்க. வடிச்ச ஆயிலைப் பழைய பாட்டிலிலேயே அடைச்சு, வாங்கிக்குவீங்களான்னு கேட்டுட்டு வொர்க்‌ஷாப்பில் கொடுங்க. கழிவு எண்ணெய் எடுக்க உரிமம் உள்ளவங்க வந்து அவங்ககிட்டே இருந்து மொத்தமா எடுத்துட்டுப் போவாங்க.

எனக்குக் கேட்டா, சொந்தமா ஆயில் வாங்கிட்டு உபி, காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் எந்த வொர்க்‌ஷாப்புக்காவது போங்க. ஆயில் நம்மது, கூலி எவ்வளவுன்னு முதல்லயே கேட்டுடுங்க. சில கடை ஒத்துக்கும், சில கடை ஒத்துக்காது, அது அவங்க தொழில். டிரம் ஆயில்னாலே மோசம்னு இல்லை. டிரம்மில் ஒட்டியிருக்கிற லேபிளைக் காட்டச் சொல்லுங்க. பேரும் ஜாசோ கட்டமும் இருந்தா பில்லில் எழுதி வாங்குங்க. காட்டத் தயங்கினா வேற கடை பாருங்க.

ஜேபியிலும் (மலேசியாவின் ஜொகூர் பாரு) ஆன்லைனிலும் விலை குறையுதேன்னு வாங்குறவங்க மூணு இடம் பாருங்க. மூடிக்கு அடியில் அலுமினிய ஒட்டு ஓரம் வரைக்கும் சுருக்கமில்லாம ஒட்டியிருக்கா. பாட்டிலில் பேட்ச் எண் அச்சு நகத்தால தேய்ச்சா அழியுதா. மூடி வளையம் திறக்கும்போது உடைஞ்சு பிரியுதா. பிரபலமான ஆயிலுக்குத்தான் போலியும் அதிகம்.

---

துவாஸ்_ஷிப்ட்:

ஸ்கேல் வெச்சுப் பார்த்துட்டேன் அண்ணே. லீவர் நுனியில 3 மி.மீ.கூட வரலை. லீவர் அட்ஜஸ்டர் முழுசா உள்ளே போய் நிக்குது, அதுக்கு மேல இடம் இல்லை. கீழ் நட்டில் விட்டு இப்போ 12 மி.மீ. வெச்சிருக்கேன். ஹேண்டிலைத் திருப்பினாலும் மாறலை. 10டபிள்யூ-40 எம்ஏ2 செமி ஒரு லிட்டர் வாங்கி வெச்சிருக்கேன், ஃபில்டரும் ஓ-ரிங்கும் வாஷரும் வாங்கியாச்சு. உடனே மாத்திடவா?

---

நட்டுபோல்ட்டு:

ஒரு நாள் பொறுங்க. ரெண்டையும் ஒரே நேரத்தில மாத்தினா எது காரணம்னு தெரியாமப் போயிடும். நாளைக்கு வேலைக்குப் போகும்போது என்ஜின் நல்லா சூடான பிறகு, போக்குவரத்து இல்லாத நேரமாப் பார்த்து, அஞ்சாவது கியரில் 60இல் போய்க்கிட்டிருக்கும்போது த்ராட்டிலை முழுசாத் திருகுங்க. ஆர்பிஎம்மும் வேகமும் சேர்ந்து ஏறினா கேபிள்தான் காரணம், ஆயிலை நிதானமா வார இறுதியில மாத்திக்கலாம்.

இன்னும் வழுக்கினா ஆயிலையும் ஃபில்டரையும் மாத்திட்டு 300 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க. பழைய ஆயில் பிளேட்டுக்கு உள்ளே ஊறியிருக்கும், உடனே போகாது. அதுக்குப் பிறகும் வழுக்கினா கிளட்ச் மூடியைக் கழற்ற வேண்டியதுதான். உராய்வு பிளேட்டின் தடிமன், ஸ்பிரிங் நீளம் ரெண்டையும் கையேட்டோட அளவுக்கு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்க. இரும்பு பிளேட் நீலம் பாய்ஞ்சிருந்தா அதையும் சேர்த்து மாத்தணும். புது பிளேட்டை மாட்டுறதுக்கு முந்தின ராத்திரியே நீங்க வாங்கின அதே எம்ஏ2 ஆயிலில் ஊற வெச்சிருக்கணும், உலர்ந்த பிளேட்டை மாட்டினா ஆரம்பத்திலேயே எரிஞ்சிடலாம். ஒரு லிட்டர் பத்தாது அப்போ, இன்னொண்ணு வாங்கி வைங்க.

---

துவாஸ்_ஷிப்ட்:

இன்னைக்குக் காலையில ரெண்டு தடவை பார்த்தேன். ரெண்டு தடவையும் ஆர்பிஎம்மும் வேகமும் சேர்ந்தே ஏறுச்சு. சனிக்கிழமை ஆயில்.